குழாய் நாலு... ஆறு ஒண்ணு! கோவையின் நாளைய தண்ணீருக்கு வழி என்ன?

கோவை மாநகருக்கு மூன்றாவது பில்லூர் குடிநீர்த் திட்டமும் வந்து சேர்ந்துவிட்டது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி அது தொடங்கி வைக்கப்பட்டது. செலவு சுமார் 780 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 17 கோடியே 80 லட்சம் லிட்டர் தண்ணீர் எடுக்கலாம்.

"அப்பாடா! இனிமே தண்ணிக் கஷ்டம் இல்லை" என்று பெருமூச்சு விடத் தோன்றும்.

ஆனால் இந்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டே மலை ஏறிப் போய், அவை புறப்படும் இடத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் திடுக்கிட வைக்கும்.

சிறுவாணி. பில்லூர் முதல் திட்டம். இரண்டாவது திட்டம். மூன்றாவது திட்டம். ஆக, பெரிய குழாய்கள் நாலு. ஆனால் ஆறு ஒன்றுதான். அதன் பெயர் பவானி!

சிறுவாணி தனி ஆறுதானே என்று கேட்கலாம். இல்லை. அது பவானியின் கிளை. கேரளத்து அட்டப்பாடி மலையில் இறங்கி ஓடி, அங்கேயே பவானியில் கலந்துவிடுகிறது. அந்தப் பவானிதான் திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூர் அணையில் தேங்குகிறது. அங்கிருந்து நெல்லித்துறை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு வருகிறது. மூன்றாவது திட்டத்துக்குத் தண்ணீர் எடுப்பது அந்த நெல்லித்துறைப் பக்கத்தில்தான்.

அதாவது ஒரே ஆற்றின் தலையில் ஒரு குழாய், இடுப்பில் இரண்டு குழாய், காலில் ஒரு குழாய். எல்லாவற்றுக்கும் மழை கொடுப்பது ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. அது ஒரு வருஷம் கையை விரித்தால், நாலு குழாயும் சேர்ந்து கையை விரிக்கும்.

குனியமுத்தூர், குறிச்சிப் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர் வருகிறது. அது வேறு ஆறு. மற்றபடி நகரத்தின் பெரும்பகுதி உயிர் பவானியைத்தான் நம்பி இருக்கிறது.

இன்னும் 30 வருஷத்துக்குக் கோவை எப்படித் தண்ணீர் குடிக்கப் போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, கொஞ்சம் பின்னாலே போய்ப் பார்க்க வேண்டும். கோவை சின்ன ஊராக இருந்த காலத்துக்கு.

காட்டுக்குள் போன பத்திரிகைக்காரர்

கோவை மழை மறைவு ஊர். மேற்கே மலை கொட்டித் தீர்க்கும்போது, ஊருக்குள் சாரல் அடித்துவிட்டுப் போய்விடும். வருஷத்துக்கு 60, 70 சென்டி மீட்டர் மழை கிடைப்பதே பெரிது. நொய்யலும் எப்போதும் ஓடுகிற ஆறு அல்ல. மழைக்காலத்தில் வருகிற வெள்ளத்தைத் தடுப்பணை, வாய்க்கால், குளம் என்று பிடித்துவைத்துத்தான் அந்தக் காலத்து மக்கள் பிழைத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு.

1866-ம் ஆண்டு கோவை நகராட்சி பிறந்தது. 1871-ம் ஆண்டுக் கணக்குப்படி ஊரின் ஜனத்தொகை 35 ஆயிரத்து சொச்சம்தான். இன்றைக்கு ஒரு பேரூராட்சிக்குக்கூட அவ்வளவு பேர் இருப்பார்கள்.

1880-களின் கடைசியில் எஸ்.பி.நரசிம்மலு நாயுடு என்ற பத்திரிகையாளர் ஒரு யோசனை சொன்னார். அவர் "கோவை கலாநிதி" பத்திரிகையை நடத்தியவர். "மேற்கு மலையில் முத்திக்குளம் அருவி கொட்டுகிறதே, அந்தச் சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம்" என்பதுதான் அவர் யோசனை. சும்மா எழுதிவிட்டு உட்காரவில்லை. யானைக் காட்டுக்குள் போய் இடத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

யோசனை பிறந்த நாளுக்கும், தண்ணீர் குழாயில் வந்த நாளுக்கும் நடுவில் சுமார் 40 வருஷம் ஓடிவிட்டது! மலையைக் குடைய வேண்டும். பணம் வேண்டும். அரசாங்க அனுமதி வேண்டும். நகராட்சித் தலைவராக சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் இருந்த காலத்தில்தான் வேலை நிஜமாக நடந்தது. ஆர்.எஸ்.புரம் என்று இன்றைக்கு ஊரே சொல்கிறதே, அது அவர் பெயர்தான். 1920-களின் முடிவில் சிறுவாணி ஊருக்குள் வந்தது.

இதில் இன்றைய அதிகாரிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தண்ணீர்த் திட்டம் என்பது தாகம் எடுத்த பிறகு தோண்டுகிற கிணறு அல்ல. பேரன் குடிக்கப் போகிற தண்ணீருக்குத் தாத்தா மனுப் போட வேண்டும்.

பிளேக் காட்டிய பொய்க் கணக்கு

அந்த 40 வருஷத்துக்குள் இன்னொரு வேடிக்கையும் நடந்தது.

1901-ம் ஆண்டு கோவையின் ஜனத்தொகை 53,080. பத்து வருஷம் கழித்து 1911-ல் எண்ணிப் பார்த்தால் 47,007. ஊர் வளரவில்லை, சுருங்கிவிட்டது!

காரணம் பிளேக் நோய். செத்தவர்கள் போக, உயிருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்களும் உண்டு. கோவையில் இன்றும் இருக்கிற பிளேக் மாரியம்மன் கோவில்கள் அந்தக் காலத்துச் சாட்சிகள்.

1911-ம் ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இன்ஜினீயர் திட்டம் போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஊரே தேயுது. இதுக்கு எதுக்கு மலையைக் குடையணும்?" என்று பைலை மூடி வைத்திருப்பார்.

நடந்தது என்ன? 1921-ல் 65,788. 1931-ல் 95,198. இருபதே வருஷத்தில் ஊர் இரண்டு மடங்கு!

நல்ல தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே மின்சாரமும் வந்தது. 1932-ல் பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கியது. மில்கள் வரிசையாக முளைத்தன. சங்கு ஊதும் சத்தத்துக்கு விடிந்தது கோவை. மில் வேலைக்கு ஆள் வந்தார்கள். ஆள் வந்த இடத்தில் லைன் வீடு வந்தது. லைன் வீடு வந்த இடத்தில் குழாயடி வந்தது. 1941-ல் ஒரு லட்சத்து 30 ஆயிரம். 1951-ல் கிட்டத்தட்ட 2 லட்சம். 1961-ல் 2 லட்சத்து 86 ஆயிரம்.

ஊர் வளர்ந்ததால் தண்ணீர் தேவைப்பட்டது என்பார்கள். அது பாதி உண்மை. தண்ணீர் வந்ததால் ஊர் வளர்ந்தது என்பது மீதிப் பாதி. எத்தனை பேருக்கு என்று குழாய் போடுகிறார்களோ, அந்தக் குழாயே அதைவிட அதிகம் பேரைக் கூப்பிட்டு வந்துவிடும்.

அணை வந்தது, கணக்கு நேரானது

சிறுவாணியில் முதலில் இருந்தது சின்ன அளவுத் தேக்கம். பெரிய அணை வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டது. ஆனால் இடம் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1973-ம் ஆண்டு இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. செலவு தமிழ்நாட்டினுடையது. அணை கேரளத்தினுடையது. கோவைக்கு வருஷத்துக்கு 1.3 டி.எம்.சி. தண்ணீர்.

1984-ல் அணை வேலை முடிந்தது.

1.3 டி.எம்.சி. என்றால் எவ்வளவு? ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. அப்படியானால் 1.3 டி.எம்.சி. சுமார் 3,680 கோடி லிட்டர். 365 நாளைக்குப் பிரித்தால், நாளுக்கு ஏறத்தாழ 10 கோடி லிட்டர்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது மத்திய அரசு வகுத்த அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கக்கூசுக்கு எல்லாம் சேர்த்து. 10 கோடியை 135-ஆல் வகுத்தால் சுமார் ஏழரை லட்சம் பேருக்குத்தான் வரும்.

1981-ல் கோவையின் ஜனத்தொகை என்ன? 7 லட்சத்து 4 ஆயிரம்!

அணை கட்டி முடித்து, திறந்த அன்றைக்கே கணக்கு நேருக்கு நேர். மிச்சம் ஒன்றும் இல்லை. இதில் வழியோரக் கிராமங்களுக்கும் பங்கு உண்டு. ஆகவேதான் சிறுவாணி அணை வந்த சூட்டோடு, பில்லூருக்குப் போக வேண்டி வந்தது.

சாவி ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம்

சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ருசியைச் சொல்லவில்லை. அதை ஊரே சொல்லும். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அடிவாரத்துக்கு வந்து, தானாகவே சரிவில் இறங்கி ஊருக்கு வருகிறது. மோட்டார் போட்டு ஏற்ற வேண்டியது இல்லை. கரண்ட் பில் இல்லை. இப்படிப்பட்ட தண்ணீர் எந்த ஊருக்கும் லேசில் கிடைக்காது.

ஆனால் அணையின் மதகு கேரள அதிகாரிகள் கையில். அணையின் முழு உயரம் கிட்டத்தட்ட 50 அடி. பாதுகாப்பைக் காரணம் காட்டி 45 அடியோடு நிறுத்துகிறார்கள் என்பது பல வருஷமாக உள்ள பிரச்சினை. 2022-ல் தமிழக முதல்-அமைச்சர் கேரள முதல்-மந்திரிக்கு இதுபற்றிக் கடிதமே எழுதினார். அந்த ஒன்றரை மீட்டரைக் குறைத்ததால் அணையின் கொள்ளளவில் 19 சதவீதம், அதாவது சுமார் 12 கோடியே 20 லட்சம் கன அடி தேங்காமல் போகிறது என்று அதில் கூறப்பட்டிருந்தது.

கேட்பதற்கு ஒன்றரை மீட்டர்தான். ஒரு ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் கணக்குப் போட்டால் அது கோவைக்குச் சிறுவாணி கொடுக்க வேண்டிய 34 நாள் தண்ணீர்! ஏப்ரல், மே மாதத்தில் அந்த 34 நாள்தான் உயிர்.

அடைமழையில் அந்தத் தண்ணீர் கேரளத்தில் வழிந்து ஓடி வீணாகிறதா என்றால் அதுவும் இல்லை. சிறுவாணி வழிந்தால் பவானிக்குப் போகும். பவானி பில்லூருக்கு வரும். அங்கே மோட்டார் போட்டு ஏற்றினால் அதே தண்ணீர் கோவைக்கு வரும். இலவசமாக வர வேண்டியது, காசு கொடுத்து வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பில்லூர்: கரண்டை நம்பிய தண்ணீர்

பில்லூர் அணை குடிநீருக்காகக் கட்டியது அல்ல. 1960-களில் குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டியது. கோவை அங்கே பிறகு போய்ச் சேர்ந்த விருந்தாளி.

முதல் இரண்டு திட்டத் தண்ணீரும் வெள்ளியங்காட்டில் சுத்தமாகி வருகிறது. மூன்றாவது திட்டத் தண்ணீர் தண்டிப்பெருமாள்புரத்தில் சுத்தமாகிறது. அங்கிருந்து மேலே ஏற்றி, கட்டன் மலையைக் குடைந்த சுமார் 900 மீட்டர் சுரங்கம் வழியாகப் பன்னிமடைக்கு வருகிறது. வேலை பிரமாதமான வேலைதான். சந்தேகமே இல்லை.

ஆனால் ஏற்றுவதற்கு மோட்டார் ஓட வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். வெள்ளியங்காட்டில் ஒரு நாள் மின்தடை என்றால் ஊருக்குள் குழாய் விக்குகிறது. 30 வருஷத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் கட்டுமானச் செலவை மட்டும் பார்த்தால் போதாது. 30 வருஷ கரண்ட் பில்லையும் கூட்ட வேண்டும்.

இன்னொரு தலைவலி வண்டல். அரை நூற்றாண்டுக்கு மேலாக மலைச்சரிவு மண் அணைக்குள் வந்து படிந்து கிடக்கிறது. அணையின் உயரம் பேப்பரில் 100 அடி. அடியில் கிடக்கிற சேறு போகத்தான் தண்ணீர். ஒரு நாள் பலத்த மழையில் அணை "நிரம்பி வழிகிறது" என்று செய்தி வரும். கொஞ்ச நாள் மழை நின்றால் மட்டம் மளமளவென்று இறங்கிவிடும். நிரம்புவதும் சீக்கிரம், இறங்குவதும் சீக்கிரம்.

பவானிக்கு எத்தனை வாரிசு?

பவானி கோவைக்கு மட்டும் சொந்தமா? அங்கேதான் சிக்கல்.

கீழே பவானிசாகர் அணை. 1955-ல் கட்டி முடித்தது. அதன் கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலம். அதற்கும் முந்தியது கொடிவேரி, காலிங்கராயன் பாசனம். காலிங்கராயன் வாய்க்கால் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுநூறு வருஷ உரிமை!

திருப்பூர் மாவட்டத்துக்கும் பவானியில் பங்கு உண்டு. 2024 ஆகஸ்டு 17-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டமும் பவானியின் உபரி நீரைத்தான் எடுக்கிறது. ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்ப வருஷத்துக்கு ஒன்றரை டி.எம்.சி.

மேலே கேரளா. காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் பவானிப் படுகையில் கேரளத்துக்கு 6 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டிருக்கிறது. அட்டப்பாடி விவசாயிக்கும் தாகம் உண்டு. அங்கே தடுப்பணை வந்தபோது 2017-ல் கோவையில் போராட்டம் நடந்தது நினைவிருக்கும்.

மூன்றாவது பில்லூர் திட்டம் முழு அளவில் வருஷம் பூராவும் ஓடினால், அது மட்டுமே சுமார் 2.3 டி.எம்.சி. எடுக்கும். நல்ல மழைக் காலத்தில் இது யார் கண்ணிலும் படாது. மழை பொய்த்த வருஷத்தில் கோபிச்செட்டிப்பாளையம் விவசாயியின் கண்ணில் கட்டாயம் படும்.

2016-ல் தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் ஏமாற்றின. 2017 கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போனது. சிறுவாணிப் பகுதிக்குப் பில்லூர் தண்ணீரைத் திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள். நல்ல காலம், சமாளிக்க முடிந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து கைவிட்டால்?

"ஏனுங்க்கா, நல்ல தண்ணி வந்துருச்சுங்களா?"

கோவைத் தெருக்களில் ஒரு வீட்டு அம்மா அடுத்த வீட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி இன்றைக்கும் இதுதான். நல்ல தண்ணி என்றால் ஆற்றுத் தண்ணீர். மற்றது போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணி. ஆயிரம் அடி தோண்டியும் புகை வந்த கதைகள் இந்த ஊரில் ஏராளம்.

எல்லைக் கோடு நகர்ந்தால்...

ஒரு நகரத்துக்கு எதிர்காலத் தண்ணீர்க் கணக்குப் போடுவது எப்படி? அரசாங்கக் கையேடு வழி சொல்கிறது. அணைக்கு 50 வருஷம் முன்னே பார்க்க வேண்டும். பெரிய குழாய்களுக்கு 30 வருஷம். மோட்டாருக்கு 15 வருஷம். அதுவரை எத்தனை பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட வேண்டும்.

மதிப்பிட இரண்டு சுலப வழி. ஒன்று கூட்டல் கணக்கு: பத்து வருஷத்துக்கு இத்தனை பேர் கூடுகிறார்கள், அடுத்த பத்து வருஷத்துக்கும் அவ்வளவுதான் என்பது. இன்னொன்று வட்டிக் கணக்கு: இத்தனை சதவீதம் கூடுகிறது, இனியும் அதே சதவீதம் என்பது.

கோவைக்கே போட்டுப் பார்ப்போம். 1931 முதல் 1971 வரையிலான புள்ளிகளை வைத்து 1981-ஐக் கணித்தால், கூட்டல் கணக்கு 4 லட்சத்து 22 ஆயிரம் என்று சொல்லும். வட்டிக் கணக்கு சுமார் 4 லட்சத்து 96 ஆயிரம் என்று சொல்லும்.

நிஜம்? 7 லட்சத்து 4 ஆயிரம்!

எங்கே தப்பு? கணக்கில் தப்பு இல்லை. 1981-ல் கோவை மாநகராட்சி ஆனது. சிங்காநல்லூர் நகராட்சியும் சுற்றியுள்ள ஊர்களும் உள்ளே வந்தன. எல்லைக் கோடு நகர்ந்தது.

இதே கதை 2011-ல் மறுபடி நடந்தது. 105 சதுர கிலோ மீட்டராக இருந்த மாநகராட்சி 257 சதுர கிலோ மீட்டர் ஆனது. 72 வார்டு 100 வார்டு ஆனது. பத்தரை லட்சமாக இருந்த ஜனத்தொகை ஒரே கையெழுத்தில் 16 லட்சம் ஆனது. ஒரு குழந்தைகூடப் புதிதாகப் பிறக்கவில்லை!

2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கொரோனாவால் தள்ளிப்போனது. ஆகவே பத்து வருஷத்துக்கும் முந்திய எண்ணை வைத்துக்கொண்டுதான் அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதனால்தான் இன்றைய எல்லைக்குள் நின்று திட்டம் போடக்கூடாது. நாளைக்கு எந்தப் பக்கம் வீட்டுமனைக் கல் நடப் போகிறார்கள், எந்தப் பக்கம் ஐ.டி. கம்பெனியும் கல்லூரியும் வரப்போகின்றன என்று பார்த்து, அங்கே குழாய் போக வழி விட்டு வைக்க வேண்டும். மனை விற்ற பிறகு ரோட்டை வெட்டுவது கையாலாகாத வேலை.

சாக்கடையில் ஓடும் இன்னொரு பில்லூர்

சரி, இனிமேல் எந்த ஆற்றுக்குப் போவது? பவானியில் இன்னொரு குழாயா? அதற்கும் மேலே அணை கட்டுவதா? அந்தக் காலம் மலையேறிவிட்டது. காடு விடாது, கேரளா விடாது, கீழ்ப்பாசன விவசாயியும் விடமாட்டார்.

ஐந்தாவது குழாய் வெளியே இல்லை. ஊருக்குள்ளேதான் இருக்கிறது.

முதலில் கசிவு. குழாயில் 15 சதவீதத்துக்கு மேல் வீணாகக்கூடாது என்கிறது மத்திய அரசுக் கையேடு. மூன்றாவது பில்லூர் திட்டத்தில் 15 சதவீதம் என்றாலே நாளுக்கு 2 கோடியே 67 லட்சம் லிட்டர். இரண்டு லட்சம் பேர் குடிக்கும் தண்ணீர்! அனுமதித்த அளவே இவ்வளவு என்றால், அதற்கு மேல் ஒழுகும் ஒவ்வொரு சதவீதமும் எத்தனை குடும்பத்தின் குடம்?

இரண்டாவது சாக்கடை. வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாக வெளியே போகிறது என்பது இன்ஜினீயர்கள் போடும் கணக்கு. கோவையில் உக்கடத்தில் 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டர், நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி லிட்டர் என்று சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திட்டம் போட்டார்கள். மூன்றையும் கூட்டினால் நாளுக்கு 17 கோடி லிட்டர்.

மூன்றாவது பில்லூர் திட்டம் கொண்டுவருவதும் 17 கோடி சொச்சம்தான்!

780 கோடி செலவில் மலையைக் குடைந்து கொண்டுவந்த அளவுக்குத் தண்ணீர், ஊருக்குள்ளேயே கழிவாகச் சேர்கிறது. அதைக் குடிக்க வேண்டாம். பவுண்டரிக்கும், சாயப் பட்டறைக்கும், கட்டட வேலைக்கும், பூங்காவுக்கும் கொடுக்கலாமே? சென்னையில் கோயம்பேட்டில் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையம் 2019-லேயே வந்துவிட்டது. சென்னையால் முடிவது கோவையால் முடியாதா? தொழிற்சாலை ஒரு லிட்டர் கழிவுநீரை வாங்கினால், வீட்டுக்கு ஒரு லிட்டர் பவானி மிச்சம்.

மூன்றாவது கூரை. ஆயிரம் சதுர அடி மாடி, வருஷத்துக்கு 60 சென்டி மீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், சுமார் 44 ஆயிரம் லிட்டர் கையில் நிற்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது 80 நாள் தண்ணீர். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அன்றைக்குப் போட்ட குழாயில் எத்தனை வீட்டில் இன்று காக்கை கூடு கட்டி இருக்கிறதோ!

நாலாவது குளங்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, குறிச்சி, சிங்காநல்லூர் என்று நொய்யல் வாய்க்கால்களில் கோத்த குளங்கள் நிலத்தடியை நனைக்கக் கட்டியவை. கரையில் நடைபாதையும் விளக்கும் போட்டு அழகு செய்தார்கள். நல்லதுதான். ஆனால் குளத்துக்கு அழகு விளக்கு அல்ல, தண்ணீர். அதுவும் சாக்கடை கலக்காத தண்ணீர். வாய்க்காலைச் சுத்தமாக வைத்தால்தான் போர் கிணற்றில் புகை வராது.

என்ன கேட்க வேண்டும்?

தண்ணீர்த் திட்டம் என்றால் "எத்தனை கோடி லிட்டர்?" என்ற ஒரே கேள்வியைத்தான் இதுவரை கேட்டார்கள். இனி வேறு கேள்விகளும் வேண்டும்.

- அந்தத் தண்ணீர் எந்த ஆற்றுடையது? ஏற்கனவே நம்பியிருக்கும் ஆறுதானா?
- மழை இரண்டு வருஷம் பொய்த்தால் எத்தனை நாள் தாங்கும்?
- மதகு யார் கையில்?
- ஏற்றுவதற்கு வருஷா வருஷம் என்ன செலவு?
- எல்லைக் கோடு மறுபடி நகர்ந்தால் போதுமா?
- குடித்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

இந்த ஆறு கேள்விக்கும் பதில் எழுதி வைத்தால் அது திட்டம். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் அது குழாய்.

கோவை வழியில் இன்று பல ஊர்கள் நிற்கின்றன. பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், பல்லடம் எல்லாம் இன்று சின்ன ஊர். நூறு வருஷத்துக்கு முன் கோவையும் அப்படித்தான் இருந்தது. அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: கோவை பட்ட பாட்டைப் பார்த்து முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

மூன்றாவது பில்லூர் திட்டம் கோவைக்கு வாங்கிக் கொடுத்திருப்பது தண்ணீர் மட்டும் அல்ல, அவகாசம். முதல் சிறுவாணிக்கு 40 வருஷம் ஆனது. அணைக்கு ஒப்பந்தத்திலிருந்து 11 வருஷம் ஆனது. அடுத்த திட்டத்துக்கும் அப்படித்தான் ஆகும். அதனால் நிறைந்த தொட்டியைப் பார்த்துச் சும்மா இருந்துவிடாமல், கசிவை அடைக்கிற வேலையையும் கழிவுநீரைத் திருப்புகிற வேலையையும் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் இந்த நாட்களிலேயே தொடங்கியாக வேண்டும். குடம் தெருவுக்கு வந்த பிறகு தொடங்கினால், பலன் கிடைப்பதற்குள் இன்னொரு தலைமுறை வரிசையில் நிற்கும்.